இலையுதிர் காலத்தில் ஃபொந்தேன்புளோ: பாறையேறப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாரிஸில் ஜிம் சுவரில் ஏறிப் பழகிய நண்பர்கள், செப்டம்பர் பிறந்ததும் "எப்போ காட்டுக்குப் போகலாம்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். காடு என்றால் ஃபொந்தேன்புளோதான். பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மணற்பாறைகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கும் காடு. கயிறு தேவையில்லை. பெரும்பாலான பாறைகள் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம்தான். கீழே மெத்தை போட்டுக்கொண்டு ஏறும் போல்டரிங். முதல்முறை வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளோடு, வந்து பழகியவர்களும் கேட்க மறந்துவிடுகிற சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இலையுதிர் காலம்தான் நல்லது என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

பிடிமானம்தான் காரணம். இந்தப் பாறைகளில் விரலை மாட்டிக்கொள்ள விளிம்புகள் குறைவு. உச்சி பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். உள்ளங்கையை விரித்து அழுத்தி, உராய்வை மட்டுமே நம்பி உடம்பை மேலே தள்ள வேண்டிய இடங்கள் நிறைய. ஜூலை வெயிலில் கை வியர்த்தால் அந்த உராய்வு போய்விடும். அக்டோபரில் 10, 12 டிகிரிக் குளிரும் காய்ந்த காற்றும் சேர்ந்து வரும் நாளில், கோடையில் வழுக்கிவிட்ட அதே இடத்தில் கை அப்படியே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் இதை முதலில் தங்கள் திறமை என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும், தப்பில்லை.

காடும் அப்போதுதான் அழகு. பீச் மரங்கள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, நவம்பரில் கொட்டும். பெரணிகள் பழுப்பாகிச் சாயும்போது, கோடையில் கண்ணில் படாத பாறைகளெல்லாம் தெரியவரும்.

நேற்று மழை பெய்தது. இன்று நல்ல வெயில். ஏறலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன வெண்மணல் சிலிக்காவால் இறுகி உண்டானவைதான் இந்தப் பாறைகள். பல பாறைகளில் மேலே ஒரு கெட்டியான தோடு இருக்கும். அதற்கு உள்ளே இருப்பது அவ்வளவு கெட்டியல்ல. உடைந்த பிடி ஒன்றை அருகில் போய்ப் பாருங்கள். வெளி விளிம்பு சாம்பல் நிறத்தில் கல்லாக இருக்கும். உடைந்த இடம் வெளுத்து, விரலால் தேய்த்தால் சர்க்கரை போல மணல் உதிரும். தோடு ஒருமுறை போனால் அதற்குப் பிறகு மழையும் காற்றும் அந்தக் குழியை அரித்துக்கொண்டே போகும். அது திரும்ப இறுகாது.

மணற்பாறை தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது அதன் வலு குறையும். காய்ந்த பாறையில் பல வருடம் ஆயிரம் பேர் தொங்கிய பிடி, ஈரத்தில் ஒருவர் இழுத்தவுடன் கையோடு வந்துவிடலாம். உடைத்தவருக்கும் அடிபடும். அந்தப் பாறையில் அந்த வழியே அதோடு முடிந்துபோகவும் கூடும்.

சரி, காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? மேற்பரப்பைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயில் பட்டால் மேற்பரப்பு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். பாறையின் நிறத்தைப் பாருங்கள்: ஈரமான பகுதி சற்றுக் கருத்துத் தெரியும். அடியில் உள்ள மணலைக் காலால் கிளறுங்கள். ஒரு விரல் ஆழத்தில் மணல் கருத்துக் கட்டியாக வந்தால் பாறைக்குள்ளும் ஈரம் இருக்க வாய்ப்பு அதிகம். பாறையில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் கழித்து எடுங்கள். சில்லென்று பிசுபிசுத்தால் விட்டுவிடுங்கள். கோடையில் சில மணி நேரத்தில் காயும் பாறை, நவம்பரில் ஒரு முழு நாள் கழிந்தும் காயாமல் இருக்கலாம். சூரியன் தாழ்ந்துவிட்டது, காற்றில் ஈரம் அதிகம், மரநிழல் வேறு.

மழையே பெய்யாமல் பாறை நனையும் நாளும் உண்டு. சில நாள் நல்ல குளிர், அப்புறம் திடீரென்று மிதமான ஈரக்காற்று. குளிர்ந்து கிடக்கும் பாறையின் மேல் அந்தக் காற்று பட்டதும் நீர் துளிர்க்கும். வானம் தெளிவாக இருக்கும், பாறை மட்டும் வியர்த்திருக்கும். அன்றும் ஏறக் கூடாது.

ஈரமான பிடியைக் காய வைக்க கேஸ் தீப்பந்தம் காட்டுகிறவர்கள் உண்டு. அதைவிடக் கேடு வேறில்லை. சூடு பட்டால் தோடு வெடித்துப் பெயரும். உச்சியில் குழியில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கலாம், அவ்வளவுதான்.

தூரத்திலிருந்து வந்துவிட்டோம். பாறை ஈரம். என்னதான் செய்வது?

முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். காட்டின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. த்ருவா பின்யோன் பக்கம் குல் த ஷியன் போன்ற திறந்த மணல்வெளிகளில் வெயிலும் காற்றும் தாராளமாகப் படும். ரோஷே கானோன் போன்ற நிழலான இடங்கள் கோடைக்கு ஏற்றவை. மழைக்குப் பின் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும்.

எங்கும் காயவில்லை என்றால் நடக்கலாம். இந்தக் காட்டில் நடப்பதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. தெனகூர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் இங்கே பாறைகளுக்கிடையே பாதைகள் அமைத்து, நீலக் கோடுகளால் குறித்து வைத்தார். அவை இன்றும் இருக்கின்றன. உடம்பு களைக்க வேண்டுமென்றால் த்ருவா பின்யோனில் 25 மேடுகளை ஏறி இறங்கும் சுற்றுப்பாதை ஒன்று உண்டு, ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பார்பிஸோன் கிராமமும் பக்கத்தில்தான். அங்கே தங்கி வரைந்த ஓவியர்கள் மரம் வெட்டுவதை எதிர்த்துக் குரல் கொடுத்ததன் பயனாக, 1861இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் இந்தக் காட்டின் ஒரு பகுதி அதன் அழகுக்காகவே காக்கப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆவதற்கு 11 ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

பாறையில் கால் வைக்கும் முன் எல்லோரும் ஷூவைத் துடைக்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். ஷூவின் அடியில் ஒட்டும் மணல், அந்தப் பாறை எதனால் ஆனதோ அதே குவார்ட்ஸ் மணல். அதோடு கால்பிடியில் மிதித்து அழுத்தித் திருப்பினால், கல்லைக் கல்லால் அரைக்கிறோம். பல்லாண்டு இப்படி அரைபட்ட கால்பிடிகள் கண்ணாடி போலப் பளபளக்கும். பா குவியே பகுதியில் மரி ரோஸ் என்ற பாறைவழி இருக்கிறது. 1946இல் முதலில் ஏறப்பட்டது. ஏறும் கடினத்தைக் குறிக்கும் அளவில், இந்தக் காட்டின் முதல் 6 ஏ தர வழி என்று பெயர் பெற்றது. புகழே அதற்கு வினையாகிவிட்டது. இன்று அதன் கால்பிடிகள் அந்த அளவுக்கு வழுக்கும்.

வழி எளிது. வீட்டில் கிடக்கும் பழைய கால்மிதியில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவாருங்கள். அதன் மேல் நின்று துணியால் ஷூவின் அடியைத் துடைத்துவிட்டு, தரையைத் தொடாமல் நேராகப் பாறையில் காலை வையுங்கள். இலையுதிர் காலத்தில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் தரையில் ஈர இலையும் சேறும் இருக்கும். நடக்கிற செருப்போடு பாறையில் ஏறிப் படம் எடுப்பதும் இதே கேடுதான்.

சாக் பவுடர் போடலாமா? பெரியவர் ஒருவர் துணிமூட்டையால் பாறையை அடிப்பதைப் பார்த்தேனே?

அந்தத் துணிமூட்டையில் இருப்பது பைன் மரப் பிசின். பஃப் என்பார்கள். சாக் பவுடர் என்னும் மக்னீசியம் கார்பனேட் பொடி இங்கே பரவுவதற்கு முன் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அது பாறையில் படிந்து மெருகு போல இறுகிவிடுகிறது. பிறகு அந்த இடத்தில் பிசின் போடாமல் யாராலும் நிற்க முடியாது. நீங்கள் தொடங்க வேண்டாம். அதே நேரம், 40 வருடமாக இங்கே ஏறுகிற ஒரு பெரியவரிடம் போய்ப் பாடம் நடத்தவும் வேண்டாம்.

பொடி போடலாம், அளவாக. குளிர்ந்த நாளில் கை அவ்வளவு வியர்ப்பதில்லை, அதிகம் தேவைப்படாது. கிளம்பும் முன் நீங்கள் தொட்ட பிடிகளை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது. கால்பிடி எங்கே என்று காட்டப் பொடியால் கோடு போடுகிறவர்கள் அதையும் அழித்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவருக்கு அந்தப் புதிரைத் தானே அவிழ்க்கும் சந்தோஷம் இருக்கிறது.

பாறைகளில் வண்ண அம்புகளும் எண்களும் இருக்கின்றனவே, அவை என்ன?

சர்க்யூட்டுகள். அம்புக்குறி காட்டும் வரிசைப்படி, ஒரே நிற எண்களைத் தொடர்ந்து ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குப் போக வேண்டும். முதல் சர்க்யூட் 1947இல் வந்தது. ஆல்ப்ஸ் மலைக்குத் தயாராகிறவர்கள் அப்போது இந்தக் காட்டைத்தான் பயிற்சிக் களமாக வைத்திருந்தார்கள். 1935இல் ஆல்ப்ஸின் பெத்தி த்ரு சிகரத்தின் வடக்கு முகத்தில் ஏறிய பியேர் அலென் இங்கே பயின்றவர். மென்மையான ரப்பர் அடியுள்ள ஏறும் ஷூவை உருவாக்கியவரும் அவர்தான்.

நிறத்தை வைத்துக் கடினம் தெரிந்துகொள்ளலாம். மஞ்சள் எளிது; ஆரஞ்சு, நீலம், சிவப்பு என்று கடினம் கூடிக்கொண்டே போய்க் கருப்பில் மிகக் கடினம். வெள்ளையில் சிறுவர்களுக்கானதும் உண்டு, மிகமிகக் கடினமானதும் உண்டு. பாறையின் உயரத்தைப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும். ஜிம்மில் நன்றாக ஏறுகிறவர்களும் முதல் நாள் ஆரஞ்சிலேயே தொடங்குங்கள். இந்தப் பாறையில் காலை நம்பக் கற்றுக்கொள்ள அதுதான் நல்ல வழி. வண்ணத்தைப் புதுப்பிப்பதையும் பாதுகாப்பதையும் தன்னார்வலர்கள் கொஸிரோக் அமைப்பு மூலம், வனத்துறையோடு சேர்ந்து செய்கிறார்கள். நாமாக எதையும் எழுதக் கூடாது.

கூட்டமாக இருக்கும் பாறையில் எப்படி நடந்துகொள்வது?

அக்டோபர் கடைசியில் தூசான் (புனிதர்கள் நாள்) பள்ளி விடுமுறையும், நவம்பர் 11 விடுமுறையும் வரும்போது பெல்ஜியம், ஜெர்மனி, இங்கிலாந்து என்று எங்கிருந்தெல்லாமோ வந்து நிறைந்துவிடுவார்கள். முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் அதைச் சொல்லாமல் பையை இறக்கி வைத்தால், அடுத்து என்ன செய்தாலும் சரியாக வராது. சொல்லிவிட்டு, "நாங்களும் முயற்சி செய்யலாமா?" என்று கேட்டால் மெத்தையையே பகிர்ந்துகொள்வார்கள். நமது மெத்தையையும் சேர்த்துப் போட்டால் எல்லோருக்கும் பாதுகாப்பு.

வரிசையில் ஒருவர் ஒருமுறை முயன்றதும் விலகி அடுத்தவருக்கு விட வேண்டும். விழுந்து எழுந்து உடனே மறுபடியும் தொங்குவது அழகல்ல, உடம்புக்கும் நல்லதல்ல. சர்க்யூட் செய்துகொண்டு வருகிறவர் ஒருவர் அந்தப் பாறைக்கு வந்தால் அவருக்கு வழி விடுங்கள். ஒருமுறை ஏறிவிட்டு அவர் போய்விடுவார்.

யாராவது ஏறும்போது "வலது கையை அங்கே வை, காலை மேலே தூக்கு" என்று கத்த வேண்டாம். கேட்டால் சொல்லலாம். "அலே!" என்று உற்சாகப்படுத்துவதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஸ்பீக்கரில் பாட்டுப் போடலாமா?

வேண்டாம். காட்டில் சத்தம் வெகுதூரம் போகும். காதில் மாட்டிக்கொள்வதும் கூட்டமான இடத்தில் நல்லதல்ல. மேலிருந்து யாராவது எச்சரித்தால் கேட்காது.

"ஷாஸ் ஆன் கூர்" என்று பலகை இருந்தது. என்ன அர்த்தம்?

வேட்டை நடக்கிறது என்று அர்த்தம். இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் வரை, காட்டுப்பன்றி, மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க இங்கே வேட்டை நடக்கும். எந்த நாள், எந்தப் பகுதி என்று வனத்துறை முன்கூட்டியே அட்டவணை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பலகையைக் கண்டால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், வேறு பகுதிக்குப் போய்விடுங்கள். வார நாளில் போகிறவர்கள் ஆரஞ்சு, சிவப்பு போன்ற பளிச்சென்ற உடை போட்டுக்கொள்வது நல்லது.

சாயங்காலம் காட்டுக்குள் மாடு கத்துவது போலக் கேட்டது. பயப்பட வேண்டுமா?

அது ஆண் செம்மான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அவற்றின் இணைசேரும் காலம். அந்தி நேரத்தில் அடிவயிற்றிலிருந்து எழும் அந்த முழக்கத்தை ஒருமுறை கேட்டால் மறக்க முடியாது. நின்ற இடத்திலேயே நின்று கேளுங்கள். டார்ச் அடித்துக்கொண்டு தேடிப் போகாதீர்கள். விளக்குக் கட்டிக்கொண்டு இரவில் பாறை ஏறுவதையும் தவிர்க்கச் சொல்வேன். பகலெல்லாம் காடு நம்மிடம் இருக்கிறது, இரவாவது விலங்குகளுக்கு இருக்கட்டும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பயமாக இருக்கிறது. எனக்கு மட்டுமா?

இல்லை. ஜிம்மில் பிடிகளைப் பிடித்தே இறங்கலாம். இங்கே உச்சிக்குப் போய், பின்பக்கமாக இறங்க வேண்டும். அந்தப் பின்பக்கம் பெரும்பாலும் வடக்கு நோக்கி, பாசி படர்ந்து, ஈர இலை மூடியிருக்கும். இலையுதிர் காலத்தில் கணுக்கால் சுளுக்குவதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. அதனால் ஏறும் முன்பே பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்கே இறங்குவது என்று பாருங்கள். அங்குள்ள இலையைத் தள்ளிவிடுங்கள். பாசியைச் சுரண்ட வேண்டாம். இறங்கும்போது உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெத்தை போடும் இடத்திலும் இலைக்குவியலைக் காலால் தடவிப் பாருங்கள். உள்ளே வேரோ கல்லோ ஒளிந்திருக்கும். மெத்தையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மணல் தரை சீக்கிரம் அரித்துப் போகும்; புகழ்பெற்ற பாறைகளின் அடியில் மர வேர்கள் எப்படி வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன என்று பார்த்தால் புரியும். இருக்கிற பாதையிலேயே நடங்கள்.

பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?

கான்ஷ் ஓ மெர்சியே. சிறிய பாறைகள், சமமான மணல் தரை, அதிகம் நடக்க வேண்டாம். ஆ 6 நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும், பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மற்றவர்களின் மெத்தை மேல் குதித்து விளையாடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேலே இருக்கும்போது அது ஆபத்து.

சாப்பாடு, அடுப்பு, கழிப்பறை?

தீ மூட்டவோ கேஸ் அடுப்பு வைக்கவோ ஆண்டு முழுவதும் அனுமதி இல்லை. தேநீரையும் ரசத்தையும் பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். புளிச்சோறும் ரோல்ஸும் ஆறினாலும் நன்றாகவே இருக்கும். ஆரஞ்சுத் தோல், கடலைத் தோல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். "மக்கிவிடும்" என்பது சமாதானம்தான். குளிரில் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பெரும்பாலான இடங்களில் கழிப்பறை இல்லை. பாறைகளையும் பாதையையும் விட்டு நன்றாகத் தள்ளிப் போய், குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தை ஒரு பையில் கட்டி எடுத்து வாருங்கள். பாறைகளுக்கு இடையில் இருக்கும் மறைவான சந்துகளைப் பயன்படுத்தவே கூடாது. அடுத்த வாரம் ஒரு பிள்ளை அங்கே ஒளிந்து விளையாடும்.

கார் இல்லை. எப்படிப் போவது, எப்போது இருட்டும்?

பாரிஸில் தமிழர்கள் கூடும் லா ஷப்பெலில் இருப்பவர்களுக்கு எளிது. கார் து நோர் ரயில் நிலையத்தில் ஆர்.இ.ஆர். டி புறநகர் ரயில் பிடித்துக் கார் த லியோன் நிலையம் வந்து, அங்கிருந்து ஆர் வழி ரயிலில் ஏறினால் 40 நிமிட அளவில் ஃபொந்தேன்புளோ ஆவோன் நிலையம். அதற்கு முன்னால் புவா ல ருவாவில் இறங்கினால் ரோஷே கானோனுக்கு நடந்தே போகலாம். த்ருவா பின்யோன் பக்கம் போக சைக்கிளோ காரோ வேண்டும். காரில் போகிறவர்கள் உள்ளே பையையோ போனையோ விட்டுவிட்டுப் போகாதீர்கள், வாகன நிறுத்தங்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவது நடக்கிறது.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். முந்தின நாள் மாலை ஆறரை மணிக்கு மேல் வரை வெளிச்சம் இருந்திருக்கும். மறுநாள் ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். நவம்பரில் நான்கு மணிக்கே திரும்ப நினையுங்கள். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். பெரணிக் காட்டில் எல்லாப் பாதையும் ஒன்று போலவே தெரியும்.

விரல் நுனித் தோல் போய்விடுகிறது. என்ன செய்வது?

ஒரே நகர்வைத் திரும்பத் திரும்ப முயலாமல் பாறை மாற்றுங்கள். குளிரில் தோல் காய்ந்து வெடிக்கும். இரவில் கிரீம் தடவுங்கள், தடித்த ஓரங்களை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ரத்தம் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், பாறையில் பட்டதைத் துடைத்துவிடுங்கள்.

உண்ணி இருக்குமா?

இருக்கும். குளிர் நன்றாக இறங்கும் வரை இலையுதிர் காலத்திலும் அவை கடிக்கும். பெரணிக்குள் நடக்கும்போது காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், பிள்ளைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காமல், மருந்தகத்தில் கிடைக்கும் சிறிய கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, சுழற்றி எடுங்கள். கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். அது லைம் நோயாக இருக்கலாம். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகும்.